தேய்கிற பணமும் தேயாத வாக்கும்

மாதா மாதம் 12ஆம் தேதி வாக்கில் மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் ஓர் எண்ணை வெளியிடுகிறது. போன வருஷம் இதே மாதம் இருந்ததைவிட நாட்டில் விலைவாசி நூற்றுக்கு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அது சொல்லும். 2023 ஜூலையில் 7.44. 2025 அக்டோபரில் 0.25, 2012ஐ அடிப்படையாக வைத்துப் போட்ட கணக்கில் அவ்வளவு கீழே அது அதுவரை இறங்கியதே இல்லை. அந்த எண் வந்ததும் வட்டி ஏறுமா இறங்குமா என்று டிவியில் பேசுவார்கள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு தர்மக் கேள்விதான் எழுகிறது. பணத்தை அளவாக வைத்துக் கொடுத்த வாக்கு, பணம் தேயும்போது என்ன ஆகிறது? அதே ரூபாயைத் திருப்பி எண்ணி வைத்தவன் வாக்கைக் காப்பாற்றியவன் ஆவானா?

நான் கம்பத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவன். தாத்தா தொடங்கிய கடை. அவர் அறுபதுகளில் பக்கத்து ஊர்ச் சிவன் கோயிலுக்கு ஆயிரம் ரூபாயில் ஒரு கட்டளை எழுதி வைத்தார். அசலைத் தொடக்கூடாது, வட்டியில் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் பிரகாரத்தில் நல்லெண்ணெய் விளக்கு, வந்தவர்களுக்குச் சுண்டல். அன்றைக்கு அது தாராளமாகப் போதும். அசல் இன்றும் பாங்கியில் அப்படியே இருக்கிறது. ஒரு பைசாவை யாரும் எடுத்ததில்லை. ஆனால் வருஷம் முழுவதற்கும் வட்டி அறுபது, எழுபது ரூபாய். நல்லெண்ணெய் லிட்டர் 300 ரூபாய்க்கு மேல் விற்கிறது. பன்னிரண்டு பௌர்ணமிக்கும் சேர்த்துக் கால் லிட்டர் எண்ணெய் வராது. கணக்கு நேராக இருக்கிறது, விளக்குக்கு எண்ணெய் இல்லை. யாரும் திருடாமல் ஒரு பொருள் களவு போகுமா என்று என் அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். போகும் என்பதுதான் நான் கண்டது.

சோழர் காலத்தில் கோயிலுக்கு விளக்கு எரியக் கொடுத்தவர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். அணையாத விளக்கு ஒன்றுக்குத் தொண்ணூற்றாறு ஆடுகளைக் கோயில் பேரில் ஓர் இடையர் வீட்டில் ஒப்படைப்பார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் 96 ஆடு, இல்லாவிட்டால் 48 பசு, இல்லாவிட்டால் 16 எருமை என்று கணக்கே இருக்கிறது. வாங்கிக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். கிழட்டு ஆடு சாகும், குட்டி அந்த இடத்துக்கு வரும். அதனால் அவற்றைச் சாவா மூவாப் பேராடுகள் என்று கல்லில் வெட்டினார்கள். எங்கள் பள்ளத்தாக்கிலேயே கிடைத்த சின்னமனூர்ச் செப்பேடுகளும் இதே வழிதான் காட்டுகின்றன. பத்தாம் நூற்றாண்டில் ராஜசிம்ம பாண்டியன் கொடுத்த தானத்தைச் சொல்லும் அந்த ஏடு, காசுப் பொதியைப் பற்றிப் பேசவில்லை. நற்செய்கைப்புத்தூர் என்ற ஊரையே, நிலமாகக் கொடுத்ததைப் பேசுகிறது. நாணயத்தின் மதிப்பு அரசனுக்கு அரசன் மாறும், நெய்யின் அளவு மாறாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் இதில் நான் வெகுநாள் கவனிக்காமல் கடந்துபோன ஓர் ஆள் உண்டு. அந்த இடையர். மழை பொய்த்து மந்தையில் பாதி செத்தாலும் அவர் உழக்கு நெய்யை அளந்தே ஆக வேண்டும். ஆடு சாவாமல் இருந்தது அவர் வீடு பட்ட பாட்டால்தான். ஆக, தேய்மானம் என்பது எங்கும் இல்லாமல் போவதில்லை. கோயில் அதைச் சுமக்காவிட்டால் இடையர் சுமப்பார், இடையர் சுமக்காவிட்டால் சாமி இருட்டில் இருப்பார். விலைவாசியைப் பற்றிய தர்மக் கேள்வி எனக்கு இங்கேதான் தொடங்குகிறது. விலை ஏன் ஏறுகிறது என்பதைப் பொருளாதாரம் படித்தவர்கள் சொல்லட்டும். ஏறியதை யார் தலையில் வைக்கிறோம் என்று நாம் ஒவ்வொருவரும் பதில் சொல்ல வேண்டும்.

விலையே ஏறாமல் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். 2016இல் ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தி, விலையேற்றம் வருஷத்துக்கு நூற்றுக்கு 4 என்ற அளவில் இருக்க வேண்டும், இரண்டு மேலே கீழே போகலாம் என்று இலக்கு வைத்தார்கள். 4 என்பது சின்ன எண்ணாகத் தெரியும். அந்தக் கணக்கிலேயே போனால் பதினெட்டு வருஷத்தில் ரூபாய் பாதியாகிவிடும். இலக்கு தப்பாமல் நிறைவேறினாலே இது நடக்கும். இதைக் கொடுமை என்று நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் விலை இறங்கினால் என்ன ஆகும் என்பதைத் தேனி மாவட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். 2025 அக்டோபரில் உணவுப் பொருள் விலை முந்தின வருஷத்தைவிட நூற்றுக்கு ஐந்து குறைந்தது என்று அறிவித்தார்கள். நல்ல செய்தி போலத்தான் இருக்கிறது. தக்காளி போட்டவரிடம் கேட்க வேண்டும். பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாது என்று பழத்தைச் செடியிலேயே விட்டுவிடுகிற வருஷங்கள் இங்கே புதிதில்லை. 2023 ஜூலையில் அதே தக்காளியை ரேஷன் கடையில் கிலோ 60 ரூபாய்க்கு அரசு விற்க வேண்டி வந்தது. வெளியில் அதைப்போல் இரண்டு மடங்கு. ஏற்றமும் இறக்கமும் ஒரே நிலத்தில்தான் நடக்கின்றன. ஆகவே விலை நகரக்கூடாது என்று ஆசைப்படுவதில் தர்மம் இல்லை. நகரும்போது நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

என் கடைக்கு எதிர்ச்சாரியில் பலசரக்குக் கடை வைத்திருந்த ராவுத்தர் ஒருவரை நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம். இந்தப் பக்கம் அவர்களுக்கும் எங்களுக்கும் மாமன் மச்சான் முறை தலைமுறை தலைமுறையாக உண்டு. ஒருமுறை துவரம்பருப்பு விலை எகிறியபோது, "அரசாங்கம் விலையைக் கட்டினால் என்ன மாமா?" என்று கேட்டேன். அவர் நபிகள் காலத்து நிகழ்ச்சியைச் சொன்னார். மதீனாவில் விலை ஏறியபோது மக்கள் வந்து விலையை நிர்ணயித்துத் தரச் சொன்னார்கள். நபிகள் மறுத்தார். விலையை ஏற்றுவதும் இறக்குவதும் இறைவன் கையில். யாருடைய உடைமையிலும் உயிரிலும் அநீதி செய்தவனாக நான் அவன் முன் நிற்க விரும்பவில்லை என்ற பொருளில் பதில் சொன்னார். "அதே நபிதான் மாப்ளே, விலை ஏறட்டும்னு சரக்கைப் பதுக்குறவன் பாவின்னும் சொன்னாங்க. ரெண்டையும் சேர்த்துப் படிக்கணும்" என்றார் மாமா. பஞ்சத்தால் ஏறும் விலை ஒன்று, பதுக்கலால் ஏறும் விலை வேறு. கல்லாவில் இரண்டும் ஒரே ரூபாயாகத்தான் விழும். வாங்கியவருக்கும் வித்தியாசம் தெரியாது. விற்றவனுக்கு மட்டும் தெரியும். அதனால்தான் அது மறுமைக் கணக்குக்குப் போகிறது என்று நினைக்கிறேன்.

இதே கேள்வியை ரோமாபுரியில் சிசரோ கி.மு. 44இல் எழுதிய கடமைகள் பற்றிய நூலில் எழுப்பியிருக்கிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். ஒரு வியாபாரி கப்பல் நிறையத் தானியத்தோடு வந்து சேர்கிறான். பின்னாலேயே இன்னும் பல கப்பல்கள் வந்துகொண்டிருப்பது அவனுக்குத் தெரியும், ஊராருக்குத் தெரியாது. சொன்னால் விலை விழும். சொல்ல வேண்டுமா? சொல்லத் தேவையில்லை, தன் சரக்கின் குறையைச் சொன்னால் போதும் என்றார் ஒரு தத்துவ ஆசிரியர். மனிதருக்கு மனிதர் மறைப்பதே தவறு என்றார் இன்னொருவர். சிசரோ இரண்டாமவர் பக்கம் நின்றார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ், சொல்லாமல் விற்றால் நீதிக்கு விரோதமில்லை, சொன்னால் அது மேலான அறம் என்று ஒரு படி இறங்கி வந்தார்.

போடியில் ஏலக்காய் ஏலத்தைக் கவனிக்கிறவர்களுக்கு இது பழங்கதை இல்லை. 2018 வெள்ளமும் அதன் பின் வந்த வறட்சியும் இடுக்கி மலையில் விளைச்சலைக் குலைத்தன. 2019 ஆகஸ்டில் அங்குள்ள புத்தடி ஏலத்தில் நல்ல ரகம் கிலோ 7,000 ரூபாய்வரை போனது. பிறகு சில வருஷத்திலேயே சராசரி விலை ஆயிரத்துக்குக் கீழே வந்தது. ஏலக்காய் விளைகிற குவாத்தமாலாவில் இந்த வருஷம் காய்ப்பு எப்படி என்பது ஏற்றுமதி செய்கிறவருக்கு முன்னாலேயே தெரியும். மேட்டில் அரை ஏக்கர் வைத்திருப்பவருக்குத் தெரியாது. தெரிந்தவர் வாய் மூடியிருப்பது சட்டப்படி சரி. அக்வினாஸ் கணக்கிலும் சரி. நான் சிசரோ பக்கம்.

பாக்கெட் விஷயத்தில் எனக்கு இன்னும் கடுமையான கருத்து உண்டு. ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் பல வருஷமாக ஐந்து ரூபாய்தான். எடை மட்டும் கிராம் கிராமாக இறங்கிக்கொண்டு வந்தது. உறையில் எடை அச்சடித்திருக்கிறது, பொய் இல்லை என்பார்கள். ஆனால் அந்தப் பாக்கெட்டை வாங்குகிறவர் பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையோ எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஆத்தாவோ. விலையை ஏற்றியிருந்தால் அவர்கள் வேண்டாமென்று திரும்பிப் போயிருப்பார்கள். எடையைக் குறைத்ததால் அந்த முடிவை எடுக்கும் உரிமையே அவர்களிடமிருந்து போய்விட்டது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் கொள்வதை மிகையாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறைவாகக் கொடுக்காமலும் இருந்தார்கள் என்று பட்டினப்பாலை பாராட்டுகிறது. இந்த இரண்டு பாதியில் நாம் ஒன்றை விட்டுவிட்டோம்.

அரசு எண் ஒரு சராசரிக் குடும்பத்தின் எண். 2012 கணக்கில் அந்தக் குடும்பம் நூறு ரூபாய் செலவழித்தால் சாப்பாட்டுக்கு 45.86 ரூபாய். என் கடைக்கு மாதச் சிட்டை கொடுக்கிற ஓர் அக்கா, விடியுமுன் ஜீப் ஏறிக் கம்பமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர். அவர் வீட்டில் நூற்றில் எழுபது சாப்பாட்டுக்கே போகிறது. பாக்கி பிள்ளைகளுக்கும் மருந்துக்கும். அவருடைய விலைவாசி வேறு. அதை நான் சிட்டையில் பார்க்கிறேன். முதலில் உளுந்து ஒரு கிலோ அரைக் கிலோ ஆகும். பிறகு சீரகம், கடுகு பத்து ரூபாய்ப் பொட்டலம் ஆகும். அதற்கும் பிறகு பருப்பில் பாதி வெட்டுவார். எதை வெட்டினாலும் சனிக்கிழமை குச்சனூருக்கு எடுத்துப்போகிற நல்லெண்ணெய்ப் பணத்தை மட்டும் வெட்ட மாட்டார். சனீஸ்வரனுக்குப் போடும் எள் தீபத்தைக் குறைத்தால் வாக்குத் தவறியது ஆகும் என்பார். ஏலக்காய் 7,000 தொட்ட வருஷத்தில் அவருக்குக் கூலி அந்தக் கணக்கில் ஏறவில்லை; விலை விழுந்த பிறகு, "எங்களுக்கே கட்டலம்மா" என்று மூன்று வருஷம் அதே கூலி. சாமிக்குக் கொடுத்த வாக்கின் அளவை இவர் குறைக்கவில்லை. இவருக்குக் கொடுத்த வாக்கின் அளவு மட்டும் வருஷாவருஷம் குறைந்துகொண்டே போனது.

இதற்கு மருந்து தெரியாமல் இல்லை. அரசு ஊழியருக்கும் ஓய்வூதியருக்கும் தொழிலாளர் விலைக் குறியீட்டைப் பார்த்து வருஷத்துக்கு இரண்டு தடவை அகவிலைப்படி ஏறுகிறது. அதுதான் இந்தக் காலத்துச் சாவா மூவாப் பேராடு. அது அவர்களுக்குக் கிடைப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் முதியோர் உதவித்தொகை தமிழ்நாட்டில் 2011இல் ஆயிரம் ரூபாய் ஆனது, 2023இல்தான் 1,200 ஆனது. அதில் மத்திய அரசின் பங்கு எண்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மாதம் 200 ரூபாய் என்று 2006-07 வாக்கில் வைத்தது. இன்னும் அதே 200. மாதா மாதம் விலை எவ்வளவு ஏறியது என்று கணக்கெடுத்து அறிவிக்கிற அரசே, வயதானவருக்குக் கொடுத்த வாக்கை மட்டும் அந்தக் கணக்கோடு சேர்க்காமல் வைத்திருக்கிறது. தெரியாமல் செய்தால் பிழை என்று விடலாம். மாதம் தவறாமல் அளந்து பார்த்துக்கொண்டே செய்வதை எந்தச் சமயமும் பிழை என்று மட்டும் எழுதாது.

எங்கள் கட்டளையை இந்த வருஷம் திருத்தி எழுதினோம். ஆயிரம் ரூபாய் வட்டி என்ற வரியை எடுத்துவிட்டு, பௌர்ணமிதோறும் இரண்டு லிட்டர் நல்லெண்ணெய், இரண்டு கிலோ கொண்டைக்கடலை, கடை இருக்கும்வரை கடையிலிருந்து, கடை இல்லாவிட்டால் பிள்ளைகள் கையிலிருந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். எண்ணெய் விலை ஏறினால் ஏற்றம் எங்கள் தலையில். கொடுத்தவன் சுமப்பதே முறை. கடையில் வேலை பார்க்கிற பையன்களின் சம்பளத்தையும் தை மாதம் பிறந்ததும் விலைக் குறியீட்டைப் பார்த்து ஏற்றுவது என்று வைத்துக்கொண்டோம். அவர்கள் கேட்கும்வரை காத்திருப்பதில்லை.

தோட்டம் வைத்திருப்பவர்கள், தறி வைத்திருப்பவர்கள், வீட்டில் ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்கள் எல்லாருக்கும் சொல்கிறேன். அந்த எண் செய்தித்தாளில் வந்ததும், நீங்கள் கூலி கொடுக்கிற ஒருவரின் பெயரை அதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். போன வருஷத்துக் கூலியையே இந்த வருஷமும் கொடுத்தால் நீங்கள் கொடுத்தது குறைவு. அந்தக் குறைவு அவருக்கு நீங்கள் பட்ட கடன். அதை ஏற்றிக் கொடுப்பதைத் தர்மம் செய்ததாக வெளியே சொல்லாதீர்கள்.