கேட்டால் மட்டும் போதுமா?

ஆழ்ந்து சிந்திக்கிற சக்தி யாருக்கு வரும்? நிறையப் படித்தவருக்கு வரும் என்றுதான் நினைக்கிறோம். பிள்ளை நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டால், “அவன் நன்றாக யோசிப்பான்” என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். அப்படியானால் 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் நடந்ததை என்னவென்று சொல்வது?

சகலாகம பண்டிதர் என்று ஒரு பெரியவர். ஆகமம் அத்தனையும் அவருக்குப் பாடம். பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் பிள்ளையில்லாமல் வருந்தியபோது, குலகுருவான இந்தப் பண்டிதர்தான் திருமுறை ஏட்டில் கயிறு சாத்தி, எந்தப் பதிகம் வருகிறது என்று பார்த்தார். ஞானசம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகம் வந்தது. களப்பாளர் மனைவியோடு வெண்காடு போய், முக்குளத்தில் நீராடி வழிபட்டார். ஆண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைதான் திருவெண்ணெய்நல்லூரில் தாய்மாமன் வீட்டில் வளர்ந்து, பரஞ்சோதி முனிவரிடம் உபதேசம் பெற்று, மெய்கண்டார் ஆயிற்று.

சிறுவனிடம் பலரும் பாடம் கேட்கப் போகிறார்கள். பண்டிதரின் மாணவர்களும் போகிறார்கள். அவருக்கு எப்படி இருந்திருக்கும்! தாம் வழிகாட்டிப் பிறந்த பிள்ளை அல்லவா? நேரே புறப்பட்டுப் போனார். பாடம் நடந்துகொண்டிருக்கிறது. நின்றபடியே, “ஆணவ மலத்தின் இயல்பு என்ன?” என்று கேட்டார். தெரியாமல் கேட்கவில்லை, சோதிக்கக் கேட்டார். சிறுவர் வாய் திறக்கவில்லை. பண்டிதரைத் தலை முதல் கால் வரை ஒரு பார்வை பார்த்தார். விரலால் சுட்டிக் காட்டினார் என்று சொல்வாரும் உண்டு. பண்டிதர் அப்படியே காலில் விழுந்தார். அருணந்தி சிவாசாரியார் என்று நாம் கும்பிடுகிறவர் அவர்தான்.

இந்த இடத்தை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். அவருக்கு அங்கே புதிதாக ஒரு செய்தியும் கிடைக்கவில்லை. ஆணவத்தைப் பற்றி ஊருக்கே பாடம் சொன்னவர் அவர். ஆனால் அந்தப் பாடத்தில் தம்மைச் சேர்க்காமல் விட்டிருந்தார். அன்றைக்குத்தான் சேர்த்தார். சிந்தனை அங்கேதான் தொடங்குகிறது. எத்தனை புத்தகம் படித்தோம் என்ற கணக்கு அதற்கு உதவாது.

அதற்குப் பிறகு அவர் என்ன எழுதினார்? சிவஞான சித்தியார். அதில் பரபக்கம் என்ற பகுதியைப் பாருங்கள். உலகாயதன் சொல்வது, பௌத்தன் சொல்வது, சமணன் சொல்வது என்று ஒவ்வொருவர் கட்சியையும் முதலில் எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் மறுப்புக்கு வருகிறார். எதிராளி பேசி முடிப்பதற்குள் பதில் சொல்லத் துடிக்கும் நமக்கு இது வராது! இன்னொரு நூல், இருபா இருபஃது. எல்லாம் தெரிந்த பண்டிதர், தம் குருவை நோக்கிக் கேள்வி மேல் கேள்வியாக அடுக்கிய நூல் அது. தம்மைவிட வயதில் எவ்வளவோ சிறியவரிடம் கேட்கிறார்.

கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என்று ஞானத்துக்கு நான்கு படி வைத்திருக்கிறது நம் சைவ சித்தாந்தம். நாம் முதல் படியிலேயே பிரசாதத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். நல்ல சொற்பொழிவு என்று பாராட்டிவிட்டால் வேலை முடிந்தது!

மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் மொத்தமே 12 சூத்திரம்தான். முதல் சூத்திரத்தை மட்டும் இந்த வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். உரையைப் பிறகு பார்க்கலாம். தினம் ஒரு தடவை படித்து, இது என்னைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை வரும்போது ஆளுக்கு ஒரு சந்தேகத்தோடு வாருங்கள். அன்றைக்கு நான் பேசப் போவதில்லை, நீங்கள்தான் கேட்க வேண்டும்.