செவியின் சாட்சியம்

பொய் சொல்லும் எண்ணம் சிறிதும் இல்லாத ஒருவர் பொய்ச்சாட்சியம் அளித்துவிட முடியுமா? ஒலிப்பெட்டிக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே ஓடும் கம்பியைப் பற்றிய வழக்கை நோக்கினால், முடியும் என்றே தோன்றுகிறது.

முன்பெல்லாம் விளக்குக்கு இழுக்கும் செப்புக் கம்பியையே இதற்கும் மாட்டினார்கள். 1979இல் அமெரிக்காவில் நோயல் லீ என்பவர் மான்ஸ்டர் கேபிள் நிறுவனத்தைத் தொடங்கி, தடித்த கம்பியைத் தனிப் பண்டமாக விற்கலானார். பின்னர்ச் சோடி ஆயிரக்கணக்கான டாலர் பெறும் கம்பிகளும் வந்தன. வாங்கியவர்களோ, பாடகருக்கும் தங்களுக்கும் நடுவே தொங்கிய திரை அகன்றதென்று மனமாரச் சொல்கிறார்கள்.

கணக்கு வேறு சொல்கிறது. நம் வீட்டுச் சுவரில் ஓடும் 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியை ஐந்து மீட்டர் தொலைவுக்கு இழுத்தால், போக வரப் பத்து மீட்டருக்கு மின்தடை ஏறத்தாழ 0.07 ஓம். ஒலிபெருக்கியின் தடையோ வழக்கமாக 8 ஓம். நூற்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. நூல்போன்ற கம்பியை நெடுந்தூரம் இழுத்தால் ஒலி குன்றும். அதை யாரும் மறுக்கவில்லை.

1983 ஆகஸ்டில் 'ஸ்டீரியோ ரிவ்யூ' இதழில் லாரன்ஸ் கிரீன்ஹில் ஒரு சோதனையை வெளியிட்டார். எந்தக் கம்பி ஒலிக்கிறதென்று கேட்பவருக்குத் தெரியாது. 24ஆம் எண் மெல்லிய கம்பி, சோதனைக்கென எழுப்பிய இரைச்சலில் அகப்பட்டுக்கொண்டது. இசை ஒலித்தபோது, சாதாரண 16ஆம் எண் கம்பியையும் விலையுயர்ந்த கம்பியையும் நம்பத்தகுந்தவாறு பிரித்தறிய இயலவில்லை. இத்தகைய சோதனைகளில் இரண்டின் ஒலியளவையும் சமமாக்குவது இன்றியமையாதது. ஏனெனில் இம்மியளவு உரத்ததைச் செவி 'உரத்தது' என்னாது, 'சிறந்தது' என்றே தீர்ப்புரைக்கும். கேட்டவர் பொய்யர் அல்லர். அவர் கேட்டதில் விலைச்சீட்டும் கலந்திருந்தது, அவ்வளவுதான்.

அப்படியானால் விற்றவர் செய்த குற்றம் யாது? வாங்கியவர் மகிழ்கிறார், அம்மகிழ்ச்சியும் மெய்யே. இவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும் அத்தர் வணிகரை எண்ணிப் பாருங்கள். செதுக்கிய கண்ணாடிக் குப்பிக்குத் தனி விலை கேட்கிறார். நாமும் குப்பிக்கென்று அறிந்தே கொடுக்கிறோம். குப்பியால் மணம் மிகுந்தது என்று அவர் சொல்வதில்லை. கம்பிக்காரர், "இஃது அழகிய கம்பி, ஒலியில் மாற்றம் எதுவும் இராது" என்று சொல்லி விற்கட்டும், வழக்கே இல்லை. உண்மையைச் சொன்ன மாத்திரத்தில் நின்றுபோகும் வணிகத்தை வாங்கியவரின் புன்னகை தூய்மைப்படுத்திவிடாது.

செல்வர் ஏமாந்தால் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. பழைய பெட்டியொன்றை வாங்கிவந்து, இரவில் பாட்டில் தன்னை மறந்திருந்த ஓர் ஏழை இளைஞன், விளம்பரத்தைப் படித்த நாள்முதல் தன் கம்பியின் குறையைத் தேடிக் கேட்கத் தொடங்குகிறானே, அந்த இழப்பை எந்தக் கணக்கில் எழுதுவது?

இவையெல்லாவற்றையும் அத்தகைய கம்பி வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், "தாங்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம், ஆனால் எனக்குக் கேட்கிறதே!" என்றார். "திரைக்குப் பின்னால் நான் மாற்றி மாற்றி மாட்டுகிறேன், எது எதுவென்று சொல்கிறீர்களா?" என்றேன்.

நண்பர் உள்ளே திரும்பி, இரண்டு தேநீர் கொண்டுவரச் சொன்னார்.