அளவு ஜாக்கெட்

மதுரைப் பக்கம் ஒரு பெண்ணின் பீரோவை அவள் ஒருத்தியே நிரப்பிவிடுவதில்லை. தலைதீபாவளிக்கு அப்பா எடுத்தது, வளைகாப்புக்கு மாமியார் எடுத்தது, நாத்தனார் புதுமனை புகுவிழாவில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தது, கொழுந்தனார் கல்யாணத்தில் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் எடுத்தது, ஆயுத பூஜைக்கு ஆபீசில் சேர்ந்து எடுத்தது என்று ஒவ்வொரு சேலைக்கும் ஒரு தேதியும் ஓர் உறவும் உண்டு. என் பீரோவின் மேல்தட்டைப் பார்த்தே எங்கள் குடும்பத்தில் யாருக்கு யார் என்ன முறை என்று ஒருவர் சொல்லிவிடலாம். நானாகக் கடைக்குப் போய், பிடித்து எடுத்தது எது என்று கேட்டால்தான் தேட வேண்டியிருக்கும்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. வைத்துக் கொடுப்பதில் இருக்கிற பிரியம் எனக்குத் தெரியும். சிக்கல் நாற்பதுக்கு மேல்தான் ஆரம்பிக்கிறது. கல்யாணம் வரைக்கும் அம்மா தேர்ந்தெடுத்தாள். அப்புறம் விசேஷங்கள் தேர்ந்தெடுத்தன. பிள்ளை வளர்ந்து, மாமியாருக்குக் கடைகடையாக ஏறி இறங்கத் தெம்பில்லாமல் போய், “உனக்குப் பிடிச்சதை நீயே எடுத்துக்கம்மா” என்று ரூபாயைக் கையில் கொடுக்கிற நாள் வருகிறது. எனக்கு வயது நாற்பத்து நாலு. வங்கியில் பணத்தை எண்ணியும் எண்ண வைத்தும் இத்தனை வருடம் ஓட்டியவள். என்ன பிடிக்கும் என்று தெரியாமல் சேலைக் கடையில் நின்றேன். விற்பனைப் பெண் விரித்துப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

நடுவயதில் உடையை மாற்றுவது பற்றிப் படித்த யோசனைகள் எல்லாம் ஒரே திசையில் போகின்றன. பாதியைக் கழித்துவிடு, முப்பது உருப்படி போதும், சாம்பலும் வெள்ளையும் கறுப்புமாக வைத்துக்கொள், எதோடும் எது வேண்டுமானாலும் பொருந்தும். குளிர் நாட்டில், கோட்டு ஒன்றை மேலே போட்டுக்கொண்டு தனியாக வாழ்கிறவருக்கு அது சரியாக இருக்கலாம். இங்கே நான் முப்பது உருப்படியோடு நின்றால், அடுத்த காதுகுத்தில் பெரியத்தை, “நான் வச்சுக் கொடுத்த மயில்கழுத்துச் சேலையை ஒரு நாள்கூட நீ கட்டிப் பார்க்கலையே” என்பார். பதில் சொல்ல என்னிடம் கொள்கை இருக்கும், சேலை இருக்காது.

அம்மாவுக்கு இந்தக் குழப்பமே வந்ததில்லை. அவளுக்கு 1970இல் பதினேழு வயதில் கல்யாணம். பெண்ணின் திருமண வயதைப் பதினெட்டாக உயர்த்தி நாட்டின் சட்டம் திருத்தப்பட்டதே 1978இல்தான். அக்காவுக்குக் கல்யாணம் ஆனபோது அம்மாவுக்கு நாற்பது. அந்த முகூர்த்தம் முடிந்ததும் பீரோ தானாக மாறியது. நைலக்ஸ் சேலைகள் வீட்டு வேலைக்கு வந்த பெண்ணுக்குப் போயின. கிளிப்பச்சையும் ராமர் பச்சையும் அடித்தட்டுக்கு இறங்கின. அரக்கும் காப்பிக்கொட்டை நிறமும் மேலே ஏறின. கனகாம்பரத்தை விட்டாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை. “மருமகன் வந்தாச்சுல்ல” என்று அவளே சொல்லிக்கொண்டாள். மாமியார் ஆவதும் நடுவயதும் அவளுக்கு ஒரே நாளில் வந்தன. அதற்கென்று ஒரு நிற வரிசையும் ஏற்கெனவே தயாராக இருந்தது.

அன்றைய அவளைவிட நாலு வயது கூடிய நான் ஒன்பதாம் வகுப்பு மகனுக்காகப் பெற்றோர் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறேன். மருமகள் வர இன்னும் பதினைந்து வருடம் ஆகலாம், வராமலும் போகலாம். ஆகவே அம்மாவின் அட்டவணை எனக்கு உதவாது. ஆனால் அந்த அட்டவணையின் காவலர்கள் உயிரோடுதான் இருக்கிறார்கள். “இந்த வயசுல எதுக்குடி இம்புட்டுப் பளிச்சுன்னு?” என்பது சித்தி. “இதைக் கட்டினா பத்து வயசு குறைஞ்சு தெரிவீங்க மேடம்” என்பது கடைக்காரப் பெண். இரண்டு பேரும் எதிரெதிர்க் கட்சி என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். இரண்டு பேருக்குமே என் வயதுதான் பேச்சு. மே மாத வெயிலில் அந்தத் துணிக்குள் நான் எப்படி உட்கார்ந்திருப்பேன் என்று இருவரில் ஒருவரும் கேட்டதில்லை.

ஆண்களுக்கு இதில் வழி எப்போதோ திறந்துவிட்டது. 2011இல் ‘மங்காத்தா’ படத்தில் அஜித் நரைத்த தலையோடு வந்தார். அவருக்கு அப்போது நாற்பது. ‘சால்ட் அண்ட் பெப்பர்’ என்று நரைக்கு ஒரு கம்பீரமான பெயர் கிடைத்தது, டை அடிக்கச் சோம்பல்பட்டவர்களும் ஸ்டைல் பிடித்தவர்கள் ஆனார்கள். அதே நரையோடு நான் கவுண்டரில் உட்கார்ந்தால் “உடம்புக்கு முடியலையாம்மா?” என்று கேட்கிறார்கள். டை விஷயத்தில் நான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை, அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஜாக்கெட்டுக்கு வருகிறேன். சேலை ஒரு தந்திரமான உடை. ஐந்தரை மீட்டர் துணிக்கு இடுப்பு எத்தனை அங்குலம் என்று அக்கறையே கிடையாது. இருபத்திரண்டு வயதில் கட்டிய சேலையை நாற்பத்து நாலில் கட்டினால் கொசுவத்தில் ஒரு மடிப்புக் குறையும், அவ்வளவுதான். காட்டிக்கொடுப்பது ஜாக்கெட். என் கணவரின் பேன்ட்டில் எண் இருக்கிறது. முப்பத்து நாலு முப்பத்தெட்டு ஆனபோது கடைக்காரர் முகம் மாறாமல் அடுத்த அடுக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தார், கதை முடிந்தது. தைத்துப் போடும் ஜாக்கெட்டுக்கு எண் கிடையாது. அதற்குப் பதிலாக எங்களிடம் இருப்பது அளவு ஜாக்கெட்.

டெய்லர்கள் பெரும்பாலும் ஆண்களாக இருந்த காலத்து ஏற்பாடு அது. பெண் உடம்பில் டேப் வைக்கக் கூடாது. அதனால் நன்றாகப் பொருந்தும் பழைய ஜாக்கெட் ஒன்றைப் புதுத் துணியோடு மடித்துக் கொடுத்துவிடுவது. மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில் தூண்களுக்கு நடுவே தையல் மிஷின் போட்டிருந்த பாய்களிடம் அம்மா கொடுத்ததும் அப்படித்தான். அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. வழக்கம் மாறவில்லை. “இதே அளவுதான், கொஞ்சம் லூசா” என்போம். அந்தக் கொஞ்சம் எத்தனை அங்குலம் என்று நாமும் சொல்வதில்லை, அவரும் கேட்பதில்லை. தைத்து வருவது, அளவு ஜாக்கெட்டைத் தைத்த வருடத்து உடம்புக்கு.

பிறகு பக்கத் தையலைப் பிரிக்கிறோம். நல்ல டெய்லர் உள்ளே ஓரங்குலம் துணி விட்டு இரண்டு மூன்று தையல் போட்டிருப்பார். முதல் தையலைப் பிரித்தால் வெளுக்காத துணி ஒரு கோடாக வெளியே வரும், பக்கத்தில் ஊசி போன ஓட்டைகள் வரிசையாகத் தெரியும். அடுத்ததையும் பிரிப்போம். அதற்கு மேல் பிரிக்கத் தையல் இருக்காது. அப்போது, “வெயிட்டைக் குறைக்கணும்” என்கிறோம். ஜாக்கெட் சரியாகத்தான் இருக்கிறது, உடம்புதான் தப்பு என்ற முடிவுக்கு எவ்வளவு சுலபமாக வந்துவிடுகிறோம்!

இதில் உடம்பின் தப்பு ஏதுமில்லை என்பதை எனக்குச் சொன்னவள் அடுத்த தெருவில் புதிதாகத் தையல் கடை போட்ட பெண். “அளவு ஜாக்கெட்டை உள்ள வைங்கக்கா. கையைத் தூக்குங்க” என்றாள். அளந்து அளந்து, உதவிக்கு இருந்த சின்னப் பெண்ணிடம் எண்களை உரக்கச் சொன்னாள். மார்பு நாற்பது என்று தெருவுக்கே கேட்டது. அந்தச் சின்னப் பெண் பால் கணக்கு எழுதுகிற முகத்தோடு எழுதிக்கொண்டாள். இடுப்பு பெருத்ததுதான் விஷயம் என்று நான் நினைத்திருந்தேன். அவள் வேறு இடங்களைக் காட்டினாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தோள் முன்னுக்கு வந்திருக்கிறது, அதனால் முதுகு அகலம் கூட வேண்டும். முன்பக்க டாட் முன்னைவிடக் கீழே இறங்க வேண்டும். மேல்கைச் சுற்று கூட வேண்டும். கைக்குழி பிடிக்கிறது என்று எல்லோரும் அதை ஆழமாக வெட்டச் சொல்கிறார்களாம். “ரொம்ப இறக்கினா, கையைத் தூக்கும்போது ஜாக்கெட்டே மேல ஏறுங்க்கா. கைக்குழி மேல இருக்கட்டும், கைத்துணியை அகலப்படுத்துவோம்.” பக்கத் தையலைப் பிரிப்பதால் இதில் ஒன்றுகூடச் சரியாகாது. இத்தனை வருடம் தவறான இடத்தில் பிரித்துக்கொண்டிருக்கிறோம் நாங்கள் எல்லோரும்.

அவளிடம் சுடிதார் டாப்புக்குப் பாக்கெட் வைக்கவும் சொன்னேன். போன் ஒரு பக்கம், லாக்கர் சாவி இன்னொரு பக்கம். சுடிதாரே அம்மாவின் நாற்பதில் நினைத்துப் பார்க்க முடியாதது. 2019இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வந்த உடை அரசாணையில் சேலையோடு சுடிதாரும் இடம்பெற்றது, துப்பட்டாவோடு என்ற நிபந்தனையின் பேரில். பாக்கெட்டைப் பற்றி எந்த அரசாணையும் யோசித்ததாகத் தெரியவில்லை.

துணியை மாற்ற வைத்தது வெயிலும் உடம்பும் சேர்ந்துதான். மாதவிலக்கு நிற்கும் வயதை 45க்கும் 55க்கும் நடுவில் வைக்கிறது உலக சுகாதார நிறுவனம்; நம் பெண்களுக்கு அது சற்று முன்னாலேயே வந்துவிடுகிறது. அதற்கும் சில வருடங்கள் முன்பே, காரணமில்லாமல் கழுத்திலிருந்து காது வரைக்கும் சூடு ஏறி வியர்த்துக் கொட்டும். பாலியஸ்டர் அந்த வியர்வையை உறிஞ்சாது. ஆனால் பாலியஸ்டரைத் திட்டுவதிலும் எனக்குச் சம்மதமில்லை. கஞ்சி போட்டு, உதறிக் காய வைத்து, நீவித் தேய்க்கிற வேலையிலிருந்து எங்களை விடுவித்து ஒன்பதே முக்காலுக்கு ஆபீசில் உட்கார வைத்தது அதுதான். இப்போது வேண்டியது பருத்தி, ஆனால் கஞ்சி கேட்காத பருத்தி. அது எங்கள் ஊரிலேயே இருக்கிறது. சௌராஷ்டிரக் குடும்பங்கள் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்க்கிற சுங்குடி, 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. புள்ளியை விரலால் தடவினால் முடிச்சு இருந்த இடம் சற்றே புடைத்திருக்கும். அச்சடித்த சுங்குடியில் அது இருக்காது. முதல் அலசலை உப்புத் தண்ணீரில் தனியாகப் போட வேண்டும். நான் எடுத்தது மிளகாய்ப்பழச் சிவப்பு. சித்தியின் அட்டவணைப்படி அது எனக்கு மூடப்பட்ட நிறம்.

மதுரைக்காரிக்கு உடை மாற்றம் என்றால் மேலமாசி வீதி நினைவுக்கு வராமல் போகாது. 1921 செப்டம்பர் 22 அன்று அங்கே ஒரு வீட்டு மாடியில்தான் காந்தி குல்லாவையும் சட்டையையும் களைந்து நாலு முழ வேட்டிக்கு மாறினார். ஐம்பத்திரண்டு வயது நிறைய இன்னும் பத்து நாள் இருந்தது. ஏழைகளுக்குக் கதர் வாங்கக் கட்டுப்படியாகவில்லை என்பது காரணம், அது எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது அவர் வைத்த கெடு. குறைந்தது அக்டோபர் 31 வரைக்கும் இப்படி இருப்பேன் என்றுதான் அறிவித்தார், உடம்புக்குத் தேவைப்பட்டால் மேலே ஒரு துண்டைப் போர்த்திக்கொள்வேன் என்ற சலுகையோடு. ஒரு மாதத்துச் சொச்சம் கட்டிப் பார்ப்போம் என்று ஆரம்பித்தது கடைசி வரைக்கும் நின்றது. அவருடைய காரணத்துக்கும் என் காரணத்துக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம். கெடுவை மட்டும் கடன் வாங்கிக்கொண்டேன். பீரோவை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கவிழ்த்துக் கொட்டாமல், புதிதாக ஒன்றைச் சில வாரம் உடுத்திப் பார்க்கிறேன். ஒத்து வந்தால் இன்னொன்று.

கழிப்பதும் அப்படித்தான் நடக்கிறது. பழைய துணிக்குப் பிளாஸ்டிக் கூடை கொடுக்கிறவர் தெருவில் வரும்போது சுடிதார்கள் போகின்றன. பட்டுச்சேலையைச் சரிகைக்காக எடைக்கு வாங்குகிறவர் வந்தால் கதவைச் சாத்திவிடுகிறேன். மயில்கழுத்துச் சேலை இருக்கிறது. அதற்குப் புது ஜாக்கெட்டும் தைத்தாயிற்று, பெரியத்தை நிம்மதியாக இருக்கலாம்.

செருப்பில் மட்டும் வீட்டில் சண்டை. வயதாக ஆகப் பாதத்தின் தசைநார்கள் தளர்ந்து கால் நீள அகலம் கூடும்; ஆறாம் நம்பர் ஏழாகும். பகலில் கால் வீங்குவதால் சாயங்காலம் போய் வாங்குவது நல்லது. இதெல்லாம் கடையோடு முடிகிற விஷயம். டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நின்று வருகிற குதிகால் வலிக்கு, வீட்டுக்குள்ளேயே மெத்தென்ற செருப்புப் போடச் சொல்கிறார் டாக்டர். “சாமி இருக்கிற வீட்டுக்குள்ள செருப்பா?” என்கிறாள் அம்மா. சாமி அறை வாசலில் கழற்றிவிடுவது என்று இப்போதைக்கு ஓர் உடன்படிக்கை.

கடைசியாக வந்தது கண்ணாடி. வெள்ளெழுத்து நாற்பதை ஒட்டி எல்லோருக்கும் வரும். கண்ணின் லென்ஸ் விறைத்துப்போய்ப் பக்கத்தில் இருக்கும் எழுத்துக்கு வளைந்து கொடுக்க மறுப்பதுதான் காரணம். வங்கிச் சலானைக் கையை நீட்டி நீட்டிப் படித்துப் பார்த்தேன், கை போதவில்லை. கண்ணாடிக் கடையில் எனக்கு வைத்துக் கொடுக்க யாருமில்லை, மேட்சிங் பார்க்கச் சேலையும் இல்லை. தடித்த ஃபிரேம், அடர்ந்த சிவப்பு, ஐந்தே நிமிடத்தில் எடுத்துவிட்டேன். மகன் ஏறிட்டுப் பார்த்தான். “நல்லாத்தான்மா இருக்கு. ஆனா ஸ்கூல் மீட்டிங்குக்கு இதைப் போட்டுட்டு வராதீங்க.” சித்தியும் கடைக்காரப் பெண்ணும் போதாதென்று மூன்றாவதாக இவன். அதையே போட்டுக்கொண்டு, சிவப்புச் சுங்குடியில் போனேன். கணக்கு வாத்தியார் நிமிர்ந்தே பார்க்கவில்லை. இயற்கணிதத்தில் நாற்பதுக்குப் பதினெட்டு என்றார்.