சந்தேகிக்கும் கடமை யாருடையது?

வில்லியம் கிளிஃபோர்ட் என்ற ஆங்கிலக் கணித அறிஞர் நம்பிக்கையின் அறம் பற்றி 1877இல் வெளியிட்ட கட்டுரை, ஒரு கப்பல் முதலாளியிலிருந்து தொடங்குகிறது. கப்பல் பழையது, பலமுறை பழுதுபார்க்கப்பட்டது. இது கடலுக்குத் தாங்காது என்ற எண்ணம் அவரை உறுத்துகிறது. இத்தனை பயணம் போய்வந்த கப்பலாயிற்றே என்று தன்னைத் தேற்றிக்கொள்கிறார். பிழைப்புத் தேடிப் புறப்படும் இத்தனை குடும்பங்களைக் கடவுள் கைவிடமாட்டார் என்றும் எண்ணிக்கொள்கிறார். மனமார நம்பியே வழியனுப்புகிறார். நடுக்கடலில் கப்பல் மூழ்குகிறது. அவர் உண்மையாகவே நம்பினார், ஆனால் அப்படி நம்ப அவருக்கு உரிமை கிடையாது என்பது கிளிஃபோர்டின் தீர்ப்பு. கப்பல் பத்திரமாகக் கரைசேர்ந்திருந்தாலும் குற்றம் குற்றமே என்கிறார். 1870இல் சிசிலிக் கடலோரத்தில் கப்பல் விபத்தில் சிக்கி உயிர்தப்பியவர் கிளிஃபோர்ட். இதை வெறும் ஏட்டு உதாரணமாக என்னால் படிக்க முடியவில்லை.

தீர்ப்பு சரி. ஆனால் அவர் குற்றத்தைத் தேடிய இடம் போதாது என்று நினைக்கிறேன். 2015 செப்டம்பர் 29 இரவு ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லிலிருந்து போர்ட்டோ ரிக்கோவுக்குப் புறப்பட்ட ‘எல் ஃபாரோ’ சரக்குக் கப்பல், அக்டோபர் 1 காலை ஹுவாக்கின் சூறாவளியில் பஹாமாஸ் அருகே மூழ்கியது. கப்பலில் இருந்த 33 பேரும் இறந்தார்கள். மறு ஆண்டு கடலடியிலிருந்து மீட்கப்பட்ட பதிவுக் கருவியில், கப்பலை இயக்கும் மேல்தளமான பிரிட்ஜில் கடைசி 26 மணி நேரம் நடந்த பேச்சு இருந்தது. கேப்டன் கண்ணை மூடிக்கொண்டு போகவில்லை. புயலின் போக்கைக் கணினியில் பார்த்தார், கணக்குப் போட்டார், பாதையைச் சற்று மாற்றவும் செய்தார். அவர் நம்பியிருந்த வானிலைக் கோப்புகளில் இருந்த தகவல்தான் பல மணி நேரம் பழையது. பிரிட்ஜில் காவலில் இருந்தவர்களுக்கோ புதிய அறிவிப்புகள் வந்துகொண்டிருந்தன. அவற்றைச் சொல்ல இரவு பதினொரு மணிவாக்கில் தேர்ட் மேட் என்ற மூன்றாம் நிலை அதிகாரி கேப்டனைத் தொலைபேசியில் அழைத்தார். ஒன்றரை மணிக்குள் அவருக்கு மேல்நிலையில் இருந்த செகண்ட் மேட் அழைத்து, தெற்கே திரும்பலாமா என்று கேட்டார். போய்க்கொண்டிருந்த பாதையிலேயே தொடரச் சொன்னார் கேப்டன். அதிகாலை நான்கு மணிக்குப் பிறகே பிரிட்ஜுக்கு வந்தார்.

போதிய ஆதாரம் உண்டா என்று கிளிஃபோர்ட் கேட்டிருந்தால், உண்டு என்று அந்தக் கேப்டன் நேர்மையாகவே பதில் சொல்லியிருப்பார். ஐயம் அந்தக் கப்பலில் இருந்தது. வேறு தலைகளில் இருந்தது. அது மரியாதையான யோசனையாக மேலே போய், பதிலை வாங்கிக்கொண்டு அடங்கியது. நம்பிக்கை ஒருவரின் தனிச்சொத்தல்ல என்று கிளிஃபோர்டே எழுதியிருக்கிறார். ஆனால் சோதிக்கும் வேலையை அவர் ஒவ்வொருவரின் மனச்சாட்சியிடமே விட்டுவிட்டார். தன் தகவல் பழையது என்று அறியாத மனச்சாட்சி உறுத்தாது. ஆகவே கடலில் சந்தேகிக்கும் கடமை ஆட்களுக்கு இடையில் இருக்கிறது: கேட்பவர் கேட்கும் விதத்தில், சொல்பவர் விடாமல் சொல்வதில், அப்படிச் சொல்ல நிறுவனம் தரும் துணிவில். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணையும் கேப்டனோடு நிற்காமல், பிரிட்ஜில் ஒருங்கிணைப்பு குலைந்ததையும் நிறுவனத்தின் கண்காணிப்புக் குறையையும் சுட்டியது.

கப்பலுக்கு ஒரு தலைமைதான் இருக்க முடியும், புயலில் விவாதத்துக்கு நேரமேது என்று கேட்கலாம். கட்டளை ஒருவருடையதாகவே இருக்கட்டும். கட்டளையிடுவதற்கு, தான் நினைப்பதே உண்மை என்ற உறுதி தேவையில்லை. அந்த இரவில் முதல் அழைப்புக்குப் பின் இரண்டு வானிலைத் தகவல்களையும் அருகருகே வைத்துப் பார்க்க மணிக்கணக்கில் அவகாசமும் இருந்தது. முடிவு தெரிந்தபின் குறை சொல்வது எளிது என்பது இதைவிடக் கனமான மறுப்பு. ஆனால் அந்த எச்சரிக்கைகளைப் பின்னால் வந்த நாம் இட்டுக்கட்டவில்லை. முடிவு தெரியாதவர்கள் அன்றிரவே சொன்னவை அவை.

பக்தர் ஒருவர் கேட்கக்கூடியது வேறு: கடலோடிக்குக் கடவுள்மேல் பாரத்தைப் போடவும் உரிமை இல்லையா? உண்டு. எதிர்வருவதைத் தாங்கும் மனத்தை நம்பிக்கை தரலாம். சூறாவளி இப்போது எங்கே நிற்கிறது என்பதை அது சொல்லாது. கிளிஃபோர்டின் அந்தக் கப்பல் முதலாளி கடவுளை நம்பியதில் எனக்குக் குறை தெரியவில்லை. தச்சரை அழைத்துப் பலகைகளைக் காட்டியிருக்க வேண்டிய இடத்தில் அந்த நம்பிக்கையை வைத்தாரே, அதுதான் குற்றம்.