சிக்கனமும் இவறலும்

இல்லறத்தார் தம் வரவுக்குட் செலவை அடக்கி, உள்ளது கொண்டே ஒப்பேற்றி வாழ்தலைச் சிக்கனம் என வழங்குகின்றோம். இச் சிக்கனம் சைவ நன்மக்கட்கு அறமாமோ, அன்றிப் பற்றினை வளர்க்கும் மற்றொரு தளையாமோ என்பது ஈண்டு ஆராயற்பாலது. சித்தாந்தம் கேட்கும் அன்பர் சிலர், 'பொருளெல்லாம் இறைவன் உடைமையாயின், அதனை எண்ணி எண்ணி வைத்தல் அவன் திருவருளை ஐயுறுதலன்றோ?' என வினவுவர். வேறு சிலர், 'ஒரு கந்தலையும் எறிய மனம் வாராதவன் உடம்பின்மேல் வைத்த பற்றை எங்ஙனம் எறிவான்?' என்பர். இரண்டும் வலியுடைய தடைகளே. விளையாட்டாகத் தள்ளற்பாலனவல்ல.

சொல்லினின்று தொடங்குதல் தகும். சிக்கனம் என்பது, இறுக என்னும் பொருள்தரும் 'சிக்கென' என்னுஞ் சொல்லோடு உறவுடையதாகத் தோன்றுகின்றது. அச்சொல்லோ திருவாசகத்தில் இறைவனை இறுகப் பற்றுதற்கண் வந்துளது. ஆகவே இறுகப் பிடித்தல் ஒன்றே குற்றமாகாது. பிடிக்கப்படுவது யாது, எதன்பொருட்டுப் பிடிக்கின்றோம் என்பனவே நோக்கத்தக்கன. உலகவழக்கிற் கருமியையும் 'சிக்கனக்காரர்' என நயம்படக் கூறுதலுண்டு. மயக்கத்துக்கு அவ்வழக்கே இடனாயிற்று.

வள்ளுவர் இம்மயக்கத்துக்கு இடங்கொடுத்தாரல்லர். வரும் வழி சிறிதாயினும் போகும் வழி விரியாதாயிற் கேடில்லை என்னும் கருத்தை அவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் ஓதினார். இவறலையோ குற்றங்கடிதலில் வைத்து, அதனைப் பற்றுள்ளம் என்றே பெயரிட்டு, ஏனைக் குற்றங்களோடு ஒன்றாக எண்ணப்படாத தனிக்குற்றம் என்று கடிந்தார். அரசர்க்கு ஓதிய அவ்வலி இல்லறத்தார்க்கும் ஒக்கும்.

இனிச் சித்தாந்த முறையான் நோக்குவாம். தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் மாயையினின்று இறைவனால் உயிர்கட்குத் தோற்றுவிக்கப்பட்டன. ஆணவ இருளில் அழுந்திக் கிடந்த உயிர் சிறிதேனும் அறிவு விளங்கப் பெறுதற்பொருட்டே அவை தரப்பட்டன என்பது நம்மனோர் துணிபு. ஆதலின் மாயையை இரவில் ஏற்றிய விளக்குக்கு ஒப்பிடுவர். பட்டப்பகலிலும் விளக்கெரித்து எண்ணெயை அழிப்பான் ஒருவன்; எண்ணெய் செலவாமேயென்று நள்ளிருளிலும் விளக்கேற்றாது தடுமாறுவான் மற்றொருவன். முன்னையோன் ஊதாரி, பின்னையோன் இவறி. விளக்கு எதற்கென்பதை இருவரும் அறிந்திலர். வேண்டும்போது ஏற்றி, திரியைத் தூண்டி, வேண்டாதபோது அமைப்பவனே விளக்கின் பயன் கொள்வான். முதற் றடைக்கு இதுவே விடை. நாளையும் தருவான் என்று சொல்லி இன்று தந்ததைச் சிந்துதல் நம்பிக்கையாகாது, தந்தவனை மதியாமையேயாம்.

உள்ளதே தோன்றும், இல்லது தோன்றாது, அழிதலென்பது காரணத்தில் ஒடுங்குதலேயன்றி இன்மையாதலன்று என்னும் சற்காரியவாதத்தை நாம் திருமடங்களிற் பல நாள் பாடங்கேட்டும் வாதஞ்செய்தும் தெளிகின்றோம். ஏட்டைத் தொட்டறியாத மூதாட்டி ஒருத்தி அதனை அடுக்களையில் நாடோறும் நடத்துகின்றாள். நெல்லைக் குத்தினால் அரிசி உலைக்கு, தவிடு மாட்டுக்கு, குறுநொய் கஞ்சிக்கு. உமி கரியாகிப் பல் விளக்கும். சாம்பலாகிப் பாத்திரம் விளக்கும். அரிசி களைந்த கழுநீர் தொழுவத்துக்குப் போகும். வடித்த கஞ்சி உப்பிட்டுக் குடிக்கவும் வேட்டிக்குப் பசையேற்றவும் ஆகும். இரவு மிஞ்சிய சோறு நீரில் ஊறி விடியலிற் பழஞ்சோறாம். அதன்மேல் நின்ற நீர் நீராகாரமாம். மலிந்த காலத்துச் சுண்டையும் மணத்தக்காளியும் கொத்தவரையும் வற்றலாகி அடைமழைக்குக் காத்திருக்கும். வாழையொன்றில் இலையும் பூவும் தண்டும் காயும் போக, எஞ்சிய மட்டையினின்றும் உரித்த நார் இறைவனுக்கு மாலை தொடுக்க உதவும். பழம்புடைவை குழந்தைக்குத் தூளியாகிப் பின் விரிப்பாகி, இறுதியில் அடுப்பினின்று சட்டியிறக்கும் கரித்துணியாகும். வெளுத்த வேட்டிக் கந்தல் விளக்குத் திரியாம். காரியத்தினின்று காரியம் வருதல் முதற்காரணத்துக்கு உவமையாமோ என்று தருக்கநூல் வல்லார் இதன்கண் குறைகாண்பர், காண்க. யான் கூறவந்தது, எறிதற்குரிய பொருளென ஒன்று அவள் கண்ணுக்குப் புலப்படுவதில்லை என்பதே.

இவற்றுட் பெரிதும் வியக்கத்தக்கது ஆவின் சாணம். உலகினர் அருவருத்து ஒதுக்கும் அதுவே தரையை மெழுகும்; வறட்டியாகி அடுப்பெரிக்கும்; எருவாகி வயலுக்குச் செல்லும்; முறைப்படி ஏற்று, மந்திரத்தோடு உருட்டி, வேவித்து எடுத்தக்கால் நம் நெற்றியில் திருநீறாய் விளங்கும். கழிவெனப் பட்டதனை மிகத் தூயதாகக் கொண்டு நாடோறும் அணியும் நாம், பொருள்களை இழித்து வீசுதல் எவ்வாற்றானும் பொருந்தாது.

அற்றேல், ஓட்டையும் பொன்னையும் ஒருதன்மையவாக நோக்கும் இருவினையொப்பு வாய்ந்தார்க்கு ஓட்டைப் பேணி வைத்தல் தகுமோ எனின், தகும். ஒப்ப நோக்குதல் என்பதனைப் பொன்னை ஓடாக எண்ணி எறிதல் என்றே பலரும் கொள்கின்றனர். ஓட்டைப் பொன்போல மதித்துப் பேணுதலும் ஒப்பநோக்குதலே. இன்னும் சொல்லப்புகின் இதுவே அரிது, என்னை? பொன்னை வெறுத்தெறிவான் உள்ளத்தில் 'யான் பொன்னையும் துறந்தேன்' என்னும் செருக்குப் புகுதற்கு வாயில் உண்டு. உடைந்த சட்டியிற் கீரை விதையிட்டு நீர் வார்ப்பவள்பால் அச்செருக்கு எழ இடமேயில்லை.

இதுகாறும் கூறியவற்றால் சிக்கனம் என வழங்குவதெல்லாம் அறமே என்று கொண்டுவிடலாகாது. இத்தகைய கட்டுரைகளில் ஆடவர் பெரும்பாலும் கூறாது விடும் ஒன்றை ஈண்டுக் கூறல்வேண்டும். இல்லத்துச் சிக்கனம் யார் உழைப்பால், யார் வயிற்றால் நடக்கின்றது? விருந்தும் கணவனும் மக்களும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் வழக்கமுடைய வீடுகளில், அரிசி ஒரு பிடி குறையின் அக்குறை பானையின் அடியிற் காத்திருப்பவள் கலத்திலேயே விழும். 1942-ஆம் ஆண்டிற் பர்மா சப்பானியர் கைப்பட்டு அந்நாட்டரிசி வருதல் நின்று, பின்னர்ப் பங்கீடு ஏற்பட்ட காலத்தை முதியோர் சொல்லக் கேட்டிருப்போம். அளந்து தந்த அரிசியைக்கொண்டு குடும்பத்தை நடத்தினோம் என்பார், அளவு யார் இலையில் முதலிற் குறைந்தது என்பதைச் சொல்லார். பலர் அறிந்திருக்கவும் மாட்டார். உயிர்க்கு ஆண் பெண் என்னும் வேறுபாடில்லை என்று வாதிடும் நாம், பசிக்கும் அவ்வேறுபாடில்லை என்பதை உணர்தல் வேண்டும். ஏவலாளன் கூலியைக் குறைத்தலும், மடைப்பள்ளியில் உழைப்பார்க்கு நாளுக்கு நாள் தவணை கூறுதலும் இவ்வினத்தனவே. தன் செலவைச் சுருக்குதல் சிக்கனம். பிறர் பெறற்பாலதைச் சுருக்குதலுக்கு வேறு பெயர் உண்டு.

ஏடெழுதினாரிடத்தும் இதன் சாயல் ஒன்று காணலாம். அவர்கள் செய்யுளை அடி பிரியாது, புள்ளியும் இடாது தொடர்ந்தெழுதினர். ஓலையில் இடம் மிஞ்சிற்று. சீர் பிரிக்கும் உழைப்போ பல நூற்றாண்டுக்குப்பின் வந்த பதிப்பாசிரியர் தலைமேல் ஏறிற்று. அவர்களைக் குறைகூற யான் துணியேன். ஆயினும் ஒருவர் மிச்சப்படுத்தியதை மற்றொருவர் செலவழிக்க நேர்தல் உலகியல்பு என்பதற்கு அது நல்ல சான்று.

சேக்கிழார் பெருமான் காட்டும் இளையான்குடி மாறனார் இல்லம் இவ்வகையில் நுணுகி நோக்கத்தக்கது. செல்வம் முற்றும் சுருங்கிய நிலையில், மழை பொழியும் நள்ளிரவில் அடியார் ஒருவர் பசியோடு வந்தார். வீட்டில் ஒன்றுமில்லை, அண்டை அயலார் கொடுத்தற்கும் வழியில்லை. அன்று பகலில் வித்திய முளைநெல்லை வாரிக்கொணர்ந்தால் அமுதாக்கலாம் என்று வழி கூறியவர் மனைவியார். இருளிற் கூடையைத் தலையிற் கவித்து, காலாற் றடவி வழியறிந்து சென்று நெல்லை வாரி வந்தவர் நாயனார். விறகின்மையின் கூரையின் கொம்புகளை அறுத்து வீழ்த்தினார். கறிக்கு முதிராத பயிரைத் தடவிப் பறித்துக் கொடுத்தார். அம்மையார் ஈரநெல்லை வறுத்துக் குத்தி அரிசியாக்கி, அவ்வொரு கீரையையே பலவகைக் கறியாகச் சமைத்தார். இல்லத்துப் பொருளியல் அறிந்தார் யாரைக் கேட்பினும், விதைநெல்லை உண்ணுதலினும் பெரிய ஊதாரித்தனம் குடியானவனுக்கு இல்லை என்பர். கூரையை எரித்தல் அதற்கடுத்தது. ஆயினும் அவ்விரவில் ஒரு நெல்லும் வீணாயிற்றில்லை. அளவின்றிக் கொடுத்தலும் அணுவளவும் வீணாக்காமையும் ஒரே கையில் நிகழ்ந்தன. அடியார் வாயிலில் நின்றபோது திறவாத கை எத்துணைச் செட்டாகக் குடும்பம் நடத்தினும் இவறியின் கையே என்பதற்கு வேறு சான்று வேண்டா. மற்றும், அச்சுமையின் பாதி கணவன் தலைமேலேயே இருந்தது என்பதை மேற்கூறிய கருத்தோடு இயைத்துக் காண்க.

கணமங்கலத்துத் தாயனார் வரலாறு பின்னும் கூரியது. வறுமையுற்றுக் கூலிக்கு நெல்லறுத்த அவர், கூலியாகப் பெற்ற செந்நெல்லை இறைவன் திருவமுதுக்கு வைத்து, கார்நெல்லைத் தமக்குக் கொண்டார். அறுக்குமிடமெல்லாம் செந்நெல்லேயாக விளைந்தபோது அனைத்தையும் இறைவனுக்கே ஆக்கினார். மனைவியார் வீட்டுப் புறக்கடைக் கீரை பறித்துச் சமைத்தார். கீரையும் தீர்ந்தபின் இருவரும் தண்ணீரளவில் நின்றனர். தமக்கு எத்துணைக் குறைத்தும் திருவமுதிற் குறைத்தாரல்லர். ஒருநாள் செந்நெலரிசியும் செங்கீரையும் மாவடுவும் சுமந்து செல்கையிற் கால் தளர்ந்து வீழ, அவை நிலவெடிப்பிற் சிந்தின. இவறியும் சிந்திய பொருளுக்கு அழுவான், தாயனாரும் அழுதார். இவறி தன் பொருள் போயிற்றே என்பான். தாயனார் இறைவன் அமுது செய்யும் பேறு தமக்கு இல்லையாயிற்றே என்று அரிவாளைத் தம் கழுத்தில் வைத்தார். அக்கமரினுள்ளிருந்து மாவடுக் கடிக்கும் ஓசை கேட்டது.

இங்ஙனமாகவே திருக்கோயிற் செலவிற் செய்யும் குறைப்பைச் சிக்கனம் என்று கணக்கெழுதுதல் பொருந்தாது. தூண்டாமணி விளக்கின் எண்ணெயைக் குறைத்து, விழாப் பந்தலின் மின்விளக்கைப் பெருக்குதல் எம்முறையிற் சேருமோ அறியேம். மறுதலையாக, திருமஞ்சனப் பால் கோமுகை வழியே சாக்கடையிற் கலத்தலைக் கண்டு உலகர் வினவும்போது வெகுளுதல் விடையாகாது. இறைவற்கு ஆட்டிய பால் வீணன்று என்பது மெய்யே. ஆட்டியபின் அதனைத் தீர்த்தமாக ஏற்காது மிதிபட விடுவது நம் குற்றம். திருமஞ்சனப் பொருள்கட்கு ஆகமங்கள் அளவு கூறியிருத்தலையும் நினைக. ஒருமுறை வழங்கி எறியும் ஞெகிழிப் பொருள்கள் பலவற்றை 2019-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் தமிழ்நாட்டரசு தடுத்துளது. திருவமுதைத் தையலிலையிலும் தொன்னையிலும் வழங்கிய நம் கோயில்கட்கு அதனை ஓர் அரசாணை வந்து கற்பிக்க வேண்டியதாயிற்று.

பிடியரிசி என்னும் பழவழக்கத்தைத் திருமடத்தார் மீட்டும் நினைவுகொள்ளுதல் நன்று. உலையில் அரிசியிடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிக்கலத்திலிட்டு, திங்கள்தோறும் திருப்பணிக்கோ அன்னம்பாலிப்புக்கோ அளிப்பது அது. எஞ்சியதைக் கொடுத்தலன்று, முன்னரே எடுத்துவைத்தல். இதனை மேற்கொள்ளும் இல்லங்களுக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. அப்பிடியைத் தலைவன் தன் கையால் எடுக்க. அன்று தன் இலையிலே ஒரு பிடி குறைவாகப் பரிமாறச் சொல்லுக. தனக்குப்பின் உண்பாரும் வயிறார உண்டனரா என்பதைப் பானையைத் திறந்து பார்த்துவிட்டுத் திருமுறை ஓத அமர்க.