யார் கணக்கில் எழுதுவது?

திருப்பூரிலிருந்து மேற்கே, மங்கலம் பக்கம் போயிருக்கிறீர்களா? ஊருக்குள் நுழைந்ததுமே உங்களை வரவேற்பது தறிச் சத்தம்தான். விசைத்தறிக் கூடத்துக்குள் நின்றால் பக்கத்து ஆள் பேசுவது கேட்காது. கையைக் காட்டித்தான் பேச வேண்டும். ஆனால், சுற்றிலும் இருக்கிறவர்கள் அந்தச் சத்தத்திலேயே தூங்கி எழுகிறார்கள். தறி நின்றால்தான், 'என்னாச்சு, கரன்ட் போயிருச்சா?' என்று எழுந்து உட்காருவார்கள்.

அதே தெருவில் ராத்திரி பதினொரு மணிக்கு, சைலன்சர் மாற்றிய பைக் ஒன்று படபடவென்று வெடித்துக்கொண்டு போகட்டும். தொட்டில் குழந்தை வீறிடும். திண்ணையில் படுத்திருக்கும் பெரியவர், 'எவன்டா அவன்?' என்பார்.

இரண்டும் சத்தம்தானே? ஒன்றைப் பொறுத்துக்கொள்கிற மனசு, இன்னொன்றுக்கு ஏன் கொதிக்கிறது? பழக்கம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். எனக்கென்னவோ அது மட்டும் இல்லை என்று தோன்றுகிறது.

தறிச் சத்தம், வேலையோடு ஒட்டிக்கொண்டு வருகிற சனியன். அதில் வருஷக்கணக்கில் நிற்கிறவர்களுக்குக் காது மந்தமாகிறது. சத்தமே போடாத தறியை அதே விலைக்குக் கொடுத்தால், எந்தத் தறிக்காரரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். பைக் சமாசாரம் தலைகீழ். சைலன்சருக்குள் இருக்கும் அறைகளும் துளையிட்ட குழாய்களும் சத்தத்தைச் சத்தத்தோடு மோதவிட்டு அடக்குகின்றன. நம் தம்பி அதைக் காசு கொடுத்துக் கழற்றுகிறான். அவனுக்குச் சத்தம் மிச்சம் அல்ல, சத்தம்தான் சரக்கு.

சட்டம் இல்லையா? தாராளமாக இருக்கிறது. 1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-வது விதி, எல்லா வண்டிக்கும் சைலன்சர் கட்டாயம் என்கிறது. கம்பெனியிலிருந்து வெளிவரும்போது 80 முதல் 175 சிசி வரையுள்ள பைக் 77 டெசிபலையும், அதற்கு மேற்பட்டது 80 டெசிபலையும் தாண்டக் கூடாது. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒலித் தரத்தை மீறி ஓட்டினால், முதல் முறைக்கு 1,000 ரூபாய் என்றிருந்த அபராதத்தை, 2019 திருத்தத்தில் 10,000 ரூபாய் வரை உயர்த்தினார்கள். மூன்று மாதம் வரை சிறை, லைசென்ஸ் தற்காலிக முடக்கம் என்பதையும் சேர்த்தார்கள்.

இருந்தும் ஏன் ஓயவில்லை? போலீஸ்காரர் நிற்கிற முனையில் ஆக்சிலேட்டரைத் தளர்த்தினால் போதும், தாண்டியதும் முறுக்கிக்கொள்ளலாம். சட்டம் முனையில் நிற்கிறது. ஆக்சிலேட்டர் இவன் கையில் இருக்கிறது.

நான் படித்தது பி.காம். அதில் முதல் பாடமே, ஒரு கணக்கில் வரவு வைத்தால் இன்னொரு கணக்கில் பற்று எழுதியாக வேண்டும் என்பதுதான். 'என் பைக், என் காசு, உனக்கென்ன?' என்கிறவன் வரவை மட்டும் எழுதுகிறான். ஹெல்மெட் விஷயத்திலாவது 'என் தலை' என்று வாதாடிப் பார்க்கலாம். இங்கே அதுவும் முடியாது. பிடிக்காததைப் பார்க்காமல் இருக்கக் கண்ணுக்கு இமை இருக்கிறது, காதுக்கு இல்லை. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒலி மாசு வழக்கில் சொன்னதும் இதுதான்: உங்களுக்குப் பேசும் உரிமை உண்டு, கேட்க விரும்பாதவன் காதில் திணிக்கும் உரிமை கிடையாது.

பற்று எழுதாத கணக்கு என்ன ஆகும் என்று இந்தப் பகுதிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மங்கலத்தை ஒட்டித்தான் நொய்யல் போகிறது. 'நம்ம ஒரு பட்டறைத் தண்ணியா ஆத்தைக் கெடுத்துரப் போகுது?' என்று ஒவ்வொருவரும் நினைத்ததன் மொத்தத் தொகை, ஒரு ஆறு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் அத்தனையையும் மூடச் சொன்னது. சாயமாவது தண்ணீரில் நிறம் காட்டியது. சத்தத்துக்கு அந்தச் சாட்சியும் இல்லை.

'சத்தம் கேட்டாத்தான் சார் லாரிக்காரன் ஒதுங்குவான், உயிருக்குப் பாதுகாப்பு' என்று ஒரு வாதம் உண்டு. ஐரோப்பாவில் 2019 ஜூலை முதல், புது மாடல் மின்சாரக் கார்கள் மெதுவாகப் போகும்போது செயற்கையாக ஒலி எழுப்ப வேண்டும். பார்வையற்றவர்களும் நடந்து போகிறவர்களும் உஷாராகத்தான். அதற்குக் குறைந்தபட்சமாக அவர்கள் வைத்த அளவு 56 டெசிபல். மற்றவனைக் காப்பாற்ற அவ்வளவு போதுமாம்!

அந்தத் தம்பியை வில்லனாக்கவும் எனக்கு மனசில்லை. பன்னிரண்டு மணி நேரம் ஓவர்லாக் மிஷின் முன்னால் குனிந்த தலை நிமிராதவன். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, தவணை கட்டி, அந்த வண்டியில் போகும்போதுதான் தெருவே அவனைத் திரும்பிப் பார்க்கிறது. 'நானும் இருக்கேன்' என்று சொல்லிக்கொள்ள ஆசை யாருக்குத்தான் இல்லை? ஆனால், திரும்புகிற முகங்களை அவன் பார்ப்பதில்லை. அதற்குள் அடுத்த தெருவுக்குப் போயிருப்பான். திடுக்கிட்டு எழுந்ததில் ஒருவன், அவனைப் போலவே பகலெல்லாம் மிஷின் மிதித்துவிட்டுப் படுத்த இன்னொரு டெய்லர்.

அடுத்த முறை மெக்கானிக், 'இதைக் கழட்டிரலாமா தம்பி?' என்று கேட்டால் ஒன்று செய்யுங்கள். பையனுக்குத் தவணை கட்டும் அப்பாக்களும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர் ஒருத்தர் கட்டாயம் இருப்பார். அவர் வீட்டுக் கதவைத் தட்டி, 'அண்ணா, இதைக் கழட்டட்டுங்களா?' என்று கேட்டுப் பாருங்கள்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறதா? அப்புறம் எதற்குக் கழற்றுவது?