வெட்டுண்ட வேம்பின் விலை

விலை வேறு, மதிப்பு வேறு என்பதை நாம் அனைவரும் அறிவோம். அறிந்திருந்தும், ஒரு பொருளைக் கண்டவுடன் நம் நாவில் முதலில் எழும் வினா, 'இது என்ன விலை போகும்?' என்பதே. இவ்வினா எங்கே முறையானது, எங்கே முறை தவறியது என்று எண்ணிப் பார்க்கும் வாய்ப்பை நமக்குத் தந்தது ஒரு வேப்ப மரம்.

தில்லி இராமகிருஷ்ணபுரத்தில் நாம் குடியிருக்கும் அரசுக் குடியிருப்பின் கொல்லைப்புறத்தில் அம்மரம் நின்றது. நட்டவர் யாரோ, நமக்கு முன்னர் அவ்வீட்டில் இருந்து, மாற்றலாகியோ ஓய்வுபெற்றோ சென்றுவிட்ட ஓர் அரசு ஊழியராக இருக்கலாம். நம் தந்தையார் ஊரை விட்டு வந்து நம்மோடு தங்கிய இறுதி இரண்டு ஆண்டுகளின் கோடையையும், அம்மரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டே கழித்தார். மொழி புரியாத ஊரில் தமக்கு அறிமுகமான முகம் அது ஒன்றுதான் என்று சொல்லிச் சிரிப்பார்.

2022 மே 30 அன்று மாலை தில்லியைப் புரட்டிய சூறைக்காற்றைத் தலைநகரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். ஜும்மா மசூதியின் நடுக் குவிமாடத்து உச்சிக் கலசமே ஒடிந்து விழுந்த நாள் அது. நகரெங்கும் நூற்றுக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. நம் வேம்பு முழுவதும் சாயவில்லை. பாதி வேர் அறுந்து, மாடிச் சுவரின்மேல் தலைசாய்த்து நின்றது. இனி அதை நிற்கவிடுவது ஆபத்து. தில்லியில் மரம் வெட்ட 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். அனுமதி வந்தது, ஆட்கள் வந்தனர், அரை நாளில் வேலை முடிந்தது. பதிவேட்டில், 'வேம்பு ஒன்று - விறகு' என்று எழுதப்பட்டது.

இருபது ஆண்டுகளாகப் பதிவேடு எழுதியே பிழைக்கும் நமக்கு அந்த ஒற்றைச் சொல் உறுத்தியது. எழுதியவர்மீது குறை இல்லை. கட்டம் ஒன்று இருந்தால் அதில் ஏதேனும் ஒன்றை எழுதித்தான் ஆகவேண்டும். எனினும் ஒருவர் கைகளால் கட்டிப்பிடிக்க எட்டாத பருமனுடைய அடிமரம், மேசையாகவோ கட்டிலாகவோ ஆகும் தகுதி அற்றதா?

மரவாடி வைத்திருக்கும் வணிகர் ஒருவரைக் கேட்டோம். வீட்டு மரங்களைத் தாம் வாங்குவதில்லை என்றார். அவர் சொன்ன காரணங்கள் நியாயமானவை. நெருங்கி வளரும் மரம் ஒளியைத் தேடி நேராக உயரும். கிளையற்ற நெடிய அடிமரம் கிடைக்கும். கொல்லையில் தனித்து வளர்வதோ தாழக் கிளைத்துப் பரவும். அடிமரம் குட்டை, கணுக்கள் மிகுதி. ஒற்றை மரத்துக்காக வண்டி அனுப்பினால் வாடகைக்கே சரியாகிவிடும். வேம்பு மகோகனியின் குடும்பத்தைச் சேர்ந்தது. பூச்சி எளிதில் அரிக்காது. ஆயினும் அதன் இழை பின்னிக் கிடப்பதால் இழைப்புளிக்கு எளிதில் வசப்படாது. மெருகும் அவ்வளவாக ஏறாது. இவற்றுக்கெல்லாம் மேலாக, வீட்டு மரத்தில் ஆணி இருக்கும். மரம் பருக்கப் பருக்க அந்த ஆணி உள்ளே புதைந்துவிடும். ரம்பத்தின் பல் அதில் பட்டால் வாளே வீணாகும்.

உண்மைதான். அந்த ஆணிகளுள் இரண்டு, தந்தையாரின் வேட்டி உலர்த்தக் கொடி கட்டுவதற்காக நாமே அடித்தவை. நம் வாழ்வுக்கு அம்மரம் பயன்பட்டதே சந்தையில் அதன் குறையாயிற்று!

ஆடம் ஸ்மித் 1776இல் வெளியிட்ட பொருளியல் நூலில் ஒரு முரணைச் சுட்டுகிறார். தண்ணீரைப் போலப் பயனுள்ளது பிறிதில்லை. அதைக் கொடுத்து எதையும் வாங்க இயலாது. வைரத்தால் பயன் சிறிது; அதைக் கொடுத்தால் எதையும் வாங்கலாம். தமிழரோ முதிர்ந்த மரத்தின் உள்ளே இறுகிய பகுதியையும் வைரம் என்றே அழைத்தனர். அகத்தே வன்மை உடையது மரம், புறத்தே வன்மை உடையது புல் என்று வகுத்தது தொல்காப்பியத்தின் மரபியல். அவ்வகையில் பனையும் தென்னையும் புல்லே, வேம்பு மரம். அந்த அக வன்மைதான் ஒரு மரத்தின் மதிப்போ எனில், அது வெட்டிய பின்னரே கண்ணுக்குத் தெரிகிறது. நின்றபோது அம்மரம் தந்த நிழலுக்கும் காற்றுக்கும் வைரம் காரணமன்று, இலை காரணம். விறகென்று எழுதிய கட்டத்திலும், மேசையென்று நாம் எழுத விரும்பிய கட்டத்திலும் இலைக்கு இடமே இல்லை.

அரிஸ்டாட்டில் தம் இயற்பியல் நூலில் ஆன்டிஃபோன் என்பவரின் கருத்து ஒன்றை எடுத்துக்காட்டுகிறார். ஒரு கட்டிலை மண்ணில் புதைத்து, அது அழுகி முளைவிடும் என்று வைத்துக்கொண்டாலும், முளைப்பது கட்டில் அன்று, மரமே. ஆக, கட்டிலாக இருப்பது மரத்தின் இயல்பன்று. நாம் அதன்மேல் ஏற்றிய வடிவம். அவ்வாறெனில் அறைகலன் ஆகும் தகுதி மரத்துக்கு உண்டா என்ற வினாவில் பாதி, மரத்தைப் பற்றியதே அன்று, நம்மைப் பற்றியது. அதன்பொருட்டு உழைக்கவும் காத்திருக்கவும் நமக்குத் தகுதி உண்டா என்பதே அந்தப் பாதி.

இப்படி எண்ணி, உரிய தொகையைக் கட்டி, ரசீது பெற்று, அடிமரத்தின் ஒரு துண்டை மட்டும் வாங்கினோம். சகாரன்பூரைச் சேர்ந்த தச்சர் ஒருவர் வழி சொன்னார். ஆணிகளைத் தேடிப் பிடுங்கிவிட்டு, இரண்டு அங்குலப் பலகைகளாக அறுக்க வேண்டும். முனைகள் வெடிக்காதிருக்க அவற்றில் வண்ணம் பூச வேண்டும். இடையிடையே குச்சிகள் வைத்து நிழலில் அடுக்க வேண்டும். ஓர் அங்குலத்துக்கு ஓர் ஆண்டு என்பது கணக்கு. இரண்டு கோடைகள் காத்திருந்தோம். 2024ஆம் ஆண்டு இறுதியில் ஒரு சாய்வில்லாத விசுப்பலகை உருவாயிற்று. அறுத்த கூலி, ஏற்றிய கூலி, தச்சுக் கூலி அனைத்தையும் கூட்டிப் பார்த்த நம் துணைவியார், 'இந்தக் காசுக்குக் கடையில் இரண்டு வாங்கியிருக்கலாமே' என்றார். கூட்டலில் பிழையில்லை.

எனின், இது வெறும் பாசத்தின் விளையாட்டா? சேரன் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன், பகைவரின் காவல்மரமாகிய கடம்பை வெட்டி முரசு செய்தான் என்பது பதிற்றுப்பத்து தரும் செய்தி. முரசுக்கு அவனுக்கு வேறு மரமா கிடைக்கவில்லை? அக்கடம்பு யாருடையதாக நின்றது என்பதே அம்முரசின் மதிப்பு. பொருளுக்கு அதன் வரலாற்றால் மதிப்பு ஏறுவது உண்மை. ஆனால் அம்மதிப்பு நம்மைச் செருக்கிலும் ஆழ்த்தும் என்பதை அம்முரசே காட்டுகிறது.

அத்தகைய செருக்கு நமக்கும் வந்தது. 'மற்றவர்கள் விறகாக்கியதை நாம் விசுப்பலகை ஆக்கினோம்' என்று நெஞ்சுக்குள் ஒரு பெருமிதம். அதை உடைத்தவர் குடியிருப்பின் இரவுக் காவலாளி. மரம் வெட்டிய அன்று எஞ்சிய கிளைகளை எடுத்துச் சென்றவர் அவர். புதிய பலகையைப் பாராட்டிவிட்டு, அந்தக் கிளைகள் 2023 சனவரிக் குளிரில் தம் இரவுகளைக் காப்பாற்றின என்றார். தில்லியின் சனவரி இரவைத் திறந்த வெளியில் கழிப்பவருக்குத் தீயைவிட உயர்ந்த பொருள் உண்டா? அறைகலன் உயர்வு, விறகு தாழ்வு என்ற வரிசை, அறை உடையவர் வகுத்த வரிசை அன்றோ! பதிவேட்டில் கண்ட சொல்லால் நாம் பட்ட உறுத்தல் அன்றே தணிந்தது.

ஆகவே நாம் கண்ட முடிவு இது. விழுந்த மரம் என்ன விலை பெறும் என்பதற்குச் சந்தை சொல்லும் விடை அதன் எல்லைக்குள் சரியே. எவருக்கு எதுவாகப் பயன்படும் என்பதற்கு அவரவர் தேவையே விடை. இவ்விரண்டுக்கும் அப்பால், பல்லாண்டு நமக்கு நிழல் தந்ததற்கு நாம் என்ன கடன்பட்டுள்ளோம் என்ற மூன்றாவது வினா உண்டு. விறகாயினும் பலகையாயினும், அதை வீணாக விடாமையே அக்கடனின் முதல் தவணை. ஆனால், நிற்கும் மரத்தை நோக்கி, 'வெட்டினால் என்ன தேறும்?' என்று கேட்கும்போது அதே வினா முறை தவறுகிறது. அங்கே ரம்பத்துக்கு எட்டுவது வைரம் மட்டுமே. இலையின் கணக்கு அதில் வருவதில்லை.

இதை நமக்கு உணர்த்தியது அந்த விசுப்பலகையே. மரம் நின்ற இடத்திலேயே அதைப் போட்டோம். 2025 சூன் மாத நண்பகலில் அதன்மேல் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. பொழுது சாய்ந்த பின்னரே அங்கு உட்கார முடிந்தது. அருகில் ஒரு வேப்பங்கன்று நட்டிருக்கிறோம். இப்போது அது பலகையின் உயரத்தைத் தாண்டியிருக்கிறது. அது நிழல் தரும் காலத்தில் இவ்வீட்டில் வேறொருவர் குடியிருப்பார். நட்டவர் யார் என்று அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.